மனநோயுடன் வாழ்வோர்க்கு ஏற்ற வேலை: ஜமாஅத்தின் பொறுப்பு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்றன. திருமண உதவி, கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜனாஸாச் செலவு என்று தலைப்புகள் பல. ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசப்படாத துயர் ஒன்றும் உண்டு. மனநோய் கண்டு, படிப்பையோ தொழிலையோ இடையில் விட்டு, வீட்டின் உள்ளறையிலேயே ஆண்டுகளைக் கழிக்கும் பிள்ளைகளின் துயர்தான் அது. ரமளானில் ஜகாத் பணம் அவர்களுடைய பெற்றோர் கையில் சேருகிறது. அரிசியும் துணியும் சேருகின்றன. ஆனால் அந்தப் பிள்ளை முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் பெறுபவராகவே இருக்கிறார். பெற்றோர் மறைந்த பின்னர் அவருடைய நிலை என்ன என்னும் கேள்வி, அந்தத் தாயின் உறக்கத்தை ஒவ்வோர் இரவும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இவர்களுக்கு ஏற்ற வேலையைத் தேடித் தருவது இயலுமா, இயலுமெனில் எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருள்.

கைவிடப்பட்டோர் போய்ச் சேர்ந்த இடம்

வேலையும் இன்றி, பேணுவோரும் இன்றிப் போனால் மனநோயாளிகள் எங்கே போய்ச் சேர்கின்றனர் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். சில நாட்களுக்குள் அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 500-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அது தொலைதூரத்துச் செய்தி என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இயங்கிய காப்பகம் ஒன்றிலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அவர்களுள் மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோரும் இருந்தனர்.

இவர்களை அங்கே கொண்டு விட்டோர் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். பிள்ளையைக் கூட்டிச் சென்ற பெற்றோரும் உடன்பிறந்தாரும் பலர். துஆ பலிக்கும் என்ற நம்பிக்கை ஒருபுறம். வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத வறுமை மறுபுறம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் அவரைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்களிடம் விடை இல்லை. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவுக்கு வருவோர்க்குத் துஆவுடன் மருந்தும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு அரசின் துணையுடன் செய்யப்பட்டது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது உணர்த்திற்று. அவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பதே நம் கருத்து. அந்த மூன்றாவது, பகற்பொழுதுக்கு ஒரு வேலை.

நோய் எதைப் பாதிக்கிறது?

இந்நோய் அரிதானதன்று. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16 ஆம் ஆண்டுகளில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் இருப்பது அதில் தெரியவந்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் உலகில் உழைக்கும் வயதினருள் 15 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுடன் வாழ்ந்தனர்.

மனச்சோர்வு, இருதுருவ மனநோய், மனச்சிதைவு என வகைகள் பல. உழைப்பைப் பொறுத்தவரை இவை விளைவிக்கும் இடர்களுள் பெரும்பகுதி கைகால் வலிமையைச் சார்ந்ததன்று. மனநோயால் ஏற்படும் இயலாமையை அளக்க நம் நாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் நான்கு துறைகளைப் பார்க்கிறது: தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல். இந்நான்கில் இரண்டு, பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பற்றியவை என்பது கருதத்தக்கது.

ஆகவே, வேலை கிடைக்காமற் போவது பெரும்பாலும் வேலைத் திறன் இன்மையால் அன்று. நேர்முகத்தில் முகம் பார்த்துப் பேச இயலாமை. நால்வர் சேர்ந்து சிரித்தால் தம்மைத்தான் சிரிக்கின்றனர் என்னும் ஐயம். இடையில் ஐந்து ஆண்டுகள் எங்கே இருந்தீர் என்ற கேள்விக்கு விடை கூற இயலாத திகைப்பு. கூட்டத்தைக் கண்டால் ஏற்படும் படபடப்பு. இவைதாம் வாசலிலேயே தடுத்து நிறுத்துகின்றன. இவற்றோடு ஊரார் வாயும் சேர்ந்துகொள்கிறது. கைகால் முறிந்தவரைக் கண்டால் இரங்கும் நாம், மனம் முறிந்தவரைக் கண்டால் ஒதுங்குகிறோம்.

குணமான பின் வேலையா?

"முதலில் முழுமையாகக் குணமாகட்டும், பிறகு வேலையைப் பற்றிப் பார்க்கலாம்" என்பது நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் சொல். ஆயினும் அது பலருக்கு ஆயுள் முழுவதற்குமான காத்திருப்பாகிவிடுகிறது. வேலையின்றி இருத்தல், பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, தன்மீதே வெறுப்பு, மீண்டும் நோய் என்ற சுழற்சியில் அவர் சிக்கிக்கொள்கிறார்.

நம் தமிழகத்தில் இதை முன்னரே உணர்ந்தவர் மருத்துவர் சாரதா மேனன் அவர்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1794 ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகக் கீழ்ப்பாக்கத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய அவர், உள்நோயாளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாட்டை அங்கே வளர்த்தார். 1984-ல் 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 2021 டிசம்பரில், 98 ஆம் வயதில் மறைந்தார்.

மருத்துவர் ஆர். தாரா முதலானோர் எண்பதுகளின் தொடக்கம் முதல் சென்னையில் ஓர் ஆய்வு நடத்தினர். மனச்சிதைவு நோய் முதன்முறையாகக் கண்ட 90 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டுகள் கழித்தும் அவர்களுள் இருந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை செய்து பொருளீட்டிக்கொண்டிருந்தனர். மனநோய்களுள் கடுமையானது எனக் கருதப்படும் நோயிலேயே இந்த நிலை என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாம் ஏன் கை கழுவ வேண்டும்?

வெளிநாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இராபர்ட் டிரேக், டெபரா பெக்கர் ஆகியோர் வகுத்த முறை ஒன்று உண்டு. பல்லாண்டுப் பயிற்சி கொடுத்துவிட்டு வேலைக்கு அனுப்புவது பழைய வழக்கம். இவர்களோ, வேலை செய்ய விரும்புபவரை விரைவிலேயே உண்மையான கூலி வேலையில் அமர்த்தி, உடனிருந்து கற்பித்து, தொடர்ந்து துணைநின்றனர். வேலை தேடித் தருபவரும் மருத்துவக் குழுவும் சேர்ந்தே செயல்பட்டனர். பல நாடுகளில் செய்து பார்த்ததில், பழைய முறையைவிட ஏறத்தாழ இரு மடங்கினர் இம்முறையால் வேலை பெற்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தவரின் செய்தி நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டதே. அவர் வீட்டில் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொணரச் செய்து, அவையிலேயே ஏலமிட்டு இரண்டு திர்ஹங்களுக்கு விற்று, ஒன்றை வீட்டு உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் ஆக்கினார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பும் பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றுப் பதினைந்து நாட்கள் கழித்து வருமாறு கூறினார்கள். உழைத்து உண் என்ற அறிவுரையோடு அந்நிகழ்ச்சி முடியவில்லை. அவரிடம் இருப்பது என்ன என்று பார்த்தல், அன்றைய பசிக்கு வழி செய்தல், கருவியை ஆயத்தம் செய்து தருதல், தவணை குறித்து மீண்டும் விசாரித்தல் ஆகிய நான்கும் அதில் அடங்கியுள்ளன. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் வேலை நிலைப்பதில்லை.

நம் கடற்கரையில் எது ஏற்ற வேலை?

இனி, நம் ஊர் நிலைக்கு வருவோம். திண்டிவனம் மரக்காணம் சாலையில் வாழும் நமக்குத் தெரிந்த கூலி வேலைகள் எவை? மரக்காணத்து உப்பளம், கல் குவாரி, சவுக்குத் தோப்பு, மணிலாவும் நெல்லும் தர்பூசணியும் விளையும் வயல், திண்டிவனத்துக் கடைகள். வாய்ப்புள்ளோர்க்குச் சென்னை, புதுச்சேரி, வளைகுடா நாடுகள். "வேலை தானே வேண்டும், உப்பளத்திற்கு அனுப்பிவையுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் மருந்து உண்பவரை எந்த வேலைக்கும் அனுப்பிவிட இயலாது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் இது உயிர் தொடர்பானது.

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்னும் மருந்து தரப்படுகிறது. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளிப்படுத்தினார். லித்தியமும் ஒருவகை உப்பே. கடும் வெயிலில் வியர்த்து, உடலிலுள்ள நீரும் சாதாரண உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கி வைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகிறது. கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியில் உப்பு வாருபவருக்கு இந்த இடர் எவ்வளவு அருகில் உள்ளது என்று எண்ணிப் பாருங்கள். உப்பு விளையும் நிலத்தில் நின்றுகொண்டே உடலின் உப்பை இழக்கும் வேலை அது. இதே காரணத்தால், லித்தியம் உண்பவர் நோன்பு நோற்க விரும்பினால் ரமளானுக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து, அவர் கூறுவதன்படியே நடக்க வேண்டும்.

மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகளுள் சிலவும், அவற்றோடு நடுக்கத்திற்குத் தரப்படும் மாத்திரைகளும், உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. மேலும் இரவில் உண்ணும் மருந்தின் மயக்கம் காலையிலும் நீடிக்கும். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னரே தொடங்கும் உப்பள வேலைக்கு அவரால் நேரத்துக்கு எழ இயலாது. அதைச் சோம்பல் என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம். குவாரியில் பாறை உடைக்கும் இயந்திரத்தின் அருகே தூக்கக் கலக்கத்துடன் நிற்பது அவருக்கும் பிறர்க்கும் ஆபத்து. தொழிற்சாலை இரவுப் பணியும் இருதுருவ நோய் உள்ளவர்க்கு ஆகாது; உறக்கம் குலைவது நோயை மீண்டும் கிளப்பும் வலிய காரணங்களுள் ஒன்று.

வளைகுடாப் பயணம் பற்றியும் ஒரு சொல். நம்மவர் பலர் அங்கே உழைத்துக் குடும்பத்தை உயர்த்தியுள்ளனர். ஆனால் மருந்துண்ணும் பிள்ளையை, "அங்கே போனால் சரியாகிவிடும்" என்று விமானம் ஏற்றுவது வேறு. மனத்தை அடக்கும் மருந்துகளுள் பலவற்றை அங்குள்ள நாடுகளுக்குள் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும். மருந்து தீர்ந்துவிட்டால் உடனே கிடைப்பது அரிது. பேச்சுத் துணையற்ற தனிமை வேறு. கடன் வாங்கிப் போனவர் நோயோடு திரும்பினால், கடனும் சேர்ந்தே திரும்பும்.

அப்படியானால் எது ஏற்றது? நிழலில் செய்யும் உப்புப் பொட்டலம் கட்டும் வேலை, கடையில் சரக்கு அடுக்குதல், நாற்றங்கால் பராமரிப்பு, ஆடு வளர்ப்பு, தையல், நகலெடுக்கும் கடை, கணினியில் பதிவு செய்தல் எனப் பல உண்டு. ஆயினும் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து ஒருவர் தலையில் கட்டுவது முறையன்று. நோய் காணுமுன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், எதில் அவருக்கு விருப்பம் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். பட்டம் பெற்றவரை ஆடு மேய்க்கச் சொன்னால் அவர் மனம் மேலும் நொறுங்கும். ஆட்டை விரும்புபவரைக் கணினி முன் அமர்த்தினாலும் பயனில்லை.

சிறு மாற்றங்கள் போதும்

நம் ஜமாஅத்தில் கடை வைத்திருப்போரும் வயல் வைத்திருப்போரும் வாகனத் தொழில் செய்வோரும் உள்ளனர். அவர்கள் செய்யவேண்டிய மாற்றங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

முதலாவது, நேர்முகக் கேள்விகளுக்குப் பதிலாக இரண்டு மூன்று நாட்கள் கூலியுடன் வேலை செய்ய விட்டுப் பாருங்கள். வாய் பேசாததைக் கை பேசும். இரண்டாவது, காலை ஒன்பதுக்குப் பதிலாகப் பத்துக்கோ பதினொன்றுக்கோ தொடங்கச் சொல்லுங்கள். முதலில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போதும். மூன்றாவது, ஏவுபவர் ஒருவராக இருக்கட்டும். நால்வர் நான்கு விதமாக ஏவினால் குழப்பம் மிகும். நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். தேவையெனில் தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாவது, வாடிக்கையாளருடன் பேசும் இடத்தில் உடனே நிறுத்தாமல், முதலில் சரக்கறையில் பழக விடுங்கள். ஆறாவது, மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்ல விடுப்புக் கொடுங்கள். அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள்.

நோய் மீண்டும் தலைகாட்டும் நாட்களும் வரும். தொடர்ந்து இரண்டு இரவுகள் உறக்கமின்மை, காரணமற்ற சினம் அல்லது ஐயம், தனக்குத்தானே பேசுதல், உணவை மறுத்தல் ஆகியவை முன்னறிகுறிகள். அப்போது யாரை அழைப்பது என்பதை வேலையில் சேர்க்கும்போதே வீட்டாரிடம் பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் ஓய்வெடுத்து மீண்டும் வந்தால் இடம் இருக்கிறது என்ற உறுதி அவருக்கு மருந்துக்கு இணையானது. மஞ்சள் காமாலை கண்டவருக்கு நாம் தரும் விடுப்பை இவருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

கூலியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். "இவனுக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறேன்" என்று கூறி, காலை முதல் இரவு வரை வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதிருப்பது தர்மம் ஆகாது. அது உழைப்பைச் சுரண்டுவதாகும். பாதி வேலைக்குப் பாதிக் கூலி நியாயம். முழு வேலைக்கு முழுக் கூலி கடமை. அதையும் அவர் கையிலேயே, பிறர்க்குக் கொடுப்பது போலவே கொடுக்க வேண்டும். தாம் ஈட்டிய பணத்தில் தாய்க்கு ஒரு சேலையோ தங்கை பிள்ளைக்கு ஒரு மிட்டாயோ வாங்கும் அந்த நாளில் அவர் மீண்டும் குடும்பத்தில் ஒருவர் ஆகிறார்.

சட்டமும் அரசின் வழிகளும்

இந்நோயாளிகள் உரிமையற்றவர் அல்லர். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் மாற்றுத் திறன் வகைகள் 21-ல் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில், ஒரு விழுக்காடு மனநோய், அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை முதலிய பிரிவினர்க்குப் பொதுவாக உரியது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவர்க்கு இயலாமை நேர்ந்தால், அதன் காரணமாக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பது அச்சட்டத்தின் 20 ஆம் பிரிவு. மத்திய சேமக் காவல் படையைச் சேர்ந்த மனநோயாளி ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநோயின் காரணமாக நிகழ்ந்த நடத்தைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாட்டின் ஒரு கூறு என்பது அத்தீர்ப்பின் சாரம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்விடத்திலும் எவ்வகையிலும் தடை செய்துள்ளது.

இச்சலுகைகளுக்கு அடிப்படை, 40 விழுக்காட்டிற்குக் குறையாத இயலாமைக்கான சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பரிசோதித்துச் சான்று அளிப்பார். சான்று பெற்றால் ஊரறியப் பைத்தியப் பட்டம் கட்டியது போலாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்கப் போகிறது. தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும். சிறுதொழில் தொடங்க விரும்புவோர்க்கு, 2008-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதிகள் ஊரகப் பகுதியில் சிறுபான்மையினர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 35 விழுக்காடு மானியத்தை வகுத்தன. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து அறியலாம். சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் பேருந்து தூரத்தில் உள்ளன. மனம் கலங்கிய நேரத்தில் தமிழிலேயே பேச, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தொலைபேசி உதவி எண் 14416.

பெண்மக்களின் நிலை

சகோதரிகளைப் பற்றிக் கூறாமல் விட்டால் உரை நிறைவு பெறாது. மகனுக்கு நோய் என்றால் மறைத்துத் திருமணம் செய்வர். மருமகளுக்கு நோய் என்றால் தாய்வீட்டுக்கு அனுப்புவர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனநோயைக்கூட 'ஜின் பிடித்தது' என்று காலம் கடத்துவதுண்டு. அது உரிய சிகிச்சையால் குணமாகக்கூடியது. மனச்சிதைவு காரணமாகக் கணவரைப் பிரிந்த பெண்களை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் முதுமையடைந்த பெற்றோரின் நிழலிலேயே வாழ்வதைக் கண்டனர். அத்தகைய பெண்ணுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. துணியைக் கொண்டு வந்து தருபவர் யார், தைத்ததை விற்பவர் யார், வாரந்தோறும் சென்று பார்க்கும் பெண் யார் என்பவையும் முடிவாக வேண்டும். கோடரியோடு காம்பும் தவணையும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதை நினைவில் கொள்வோம்.

நம் வேண்டுகோள்

இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, பைத்துல்மாலிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை இதற்கெனத் தனியே ஒதுக்குவது. அன்பளிப்பாக அன்றி, வேலை தொடங்கும் முதல் மூன்று மாதங்களில் கூலியின் ஒரு பகுதிக்கும், மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்திற்கும், தேவைப்படும் கருவிகளுக்கும் அது பயன்படட்டும். ஜகாத் நிதியிலிருந்து எடுப்பதா, பொது ஸதகாவிலிருந்தா என்பதை ஆலிம் பெருமக்கள் முடிவு செய்து கூறட்டும்.

இரண்டு, பொறுமையும் நாவடக்கமும் உள்ள இரு ஆடவரையும் இரு பெண்டிரையும் இப்பணிக்கு அமர்த்துவது. அவர்கள் வீடு தேடிச் சென்று, அந்தப் பிள்ளையிடமே பேசி, ஏற்ற வேலையைத் தேடி, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை விசாரித்து வரவேண்டும். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதை அவர்கள் நிர்வாகக் கூட்டத்திலும் பெயர் சொல்லிப் பேசலாகாது. அது அமானிதம். அந்த அமானிதம் ஒருமுறை தேநீர்க் கடைக்குப் போய்விட்டால், பிறகு எந்தத் தாயும் கதவைத் திறக்க மாட்டார்.

மூன்று, தொழில் நடத்தும் சகோதரர்கள் ஆளுக்கு ஒரே ஓர் இடம், அதுவும் அரைநாள் வேலைக்கான இடம், ஒதுக்கித் தருவது. பத்துப் பேர் வேண்டாம். இவ்வாண்டு மூவர் முன்வந்தால் போதும். அடுத்த ஆண்டறிக்கையில் அவர்களுடைய அனுபவத்தை, நல்லதும் கடினமானதும் சேர்த்து, பெயரின்றி எழுதுவோம். அதைப் படித்து நான்காமவர் வருவார்.

எல்லோர்க்கும் இது பயன் தரும் என்று நாம் வாக்களிக்கவில்லை. வேலைக்குச் செல்ல இயலாத அளவு நோய் முற்றியவரும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பேணுவது நம் கடமையாகவே நீடிக்கும். வேலை செய்யவில்லை என்பதற்காக எவருடைய கண்ணியமும் குறைந்துவிடாது. ஆனால், இயன்றவர் ஒருவர், வாய்ப்பின்மை ஒன்றினாலேயே உள்ளறையில் இருக்கிறார் எனில், அவரை வெளியே அழைக்கும் குரல் அவருடைய ஜமாஅத்தின் குரலாக இருக்க வேண்டும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் முயற்சிகளுக்குத் துணை நிற்பானாக. நோயுற்றோர்க்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் பெற்றோர்க்குப் பொறுமையையும், வேலை தருவோர்க்குப் பரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.